கண்மாயைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக்

அவருடைய சைக்கிளுக்கு முன் பிரேக் கிடையாது. அறுந்து விழுந்ததென்று நினைக்க வேண்டாம், அவரே கழற்றி வைத்தது. ஏன் வேய் கழற்றினீர் என்று கேட்டதற்கு, "பின்னாடி ஒண்ணு இருக்கையில முன்னாடி இது எதுக்குன்னு பாக்கணும்லா அண்ணாச்சி" என்றார். பார்த்தார். பஞ்சு மார்க்கெட் பக்கம் வேகமாக வந்து, பொதி ஏற்றிய மாட்டு வண்டியின் பின்புறத்தில் போய்ச் சொருகினார். பஞ்சுப் பொதியாக இருந்ததால் மூக்கு தப்பியது. நெற்றியில் புடைப்போடு என் கம்பெனி வாசலில் வந்து நின்றவரிடம், இப்பவாவது மாட்டித் தொலையும் என்றேன். "எதுக்குன்னு தெரிஞ்சு போச்சுல்லா, இனிமே நிதானமாப் போவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கடைசிவரை மாட்டவில்லை.

இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டுதான் நான் இராஜபாளையத்தில் தொழில் நடத்தினேன். என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒற்றை விசைத்தறியை வாடகைக்குப் பிடித்து, அதன் காலடியிலேயே படுத்து எழுந்து, பேண்டேஜ் துணி நெய்து, ஒரு கம்பெனியும் அதை ஒட்டி ஒரு வெளுப்புப் பட்டறையும் எழுப்பினேன். என் துணி சுற்றாத காயம் இந்தத் தமிழ்நாட்டில் இல்லை. பெருமைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டாலும் சரி, அது உண்மை. எனக்கு யாரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை. வழியில் நின்று காலைப் பிடித்து இழுத்தவர்கள் உண்டு, அதில் முதல் ஆள் இந்த மெக்கானிக்.

தறி, மோட்டார், பம்புசெட்டு, எது நின்றாலும் அவரைத்தான் கூப்பிட வேண்டும். வேறு ஆள் கூப்பிட்டால் அன்றைக்கு ஓடும், மறுவாரம் நிற்கும். அவர் கை பட்டால் வருடக்கணக்கில் ஓடும். ஆனால் அதற்குள் நம் உயிர் பாதி போய்விடும். வந்ததும் நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியை மோட்டார் மேல் வைப்பார். கைப்பிடியைக் காதில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். வாசலில் மதுரைக்குச் சரக்கு ஏற்ற லாரி நிற்கும், டிரைவர் ஹாரன் அடிப்பான், இவர் ஏதோ கச்சேரி கேட்பதுபோல் நிற்பார்.

"என்ன வேய் சொல்லுது?"

"செத்த பொறுங்க. பாத்துட்டுச் சொல்லுதேன்."

பிறகு ஒரு உறுப்பைக் கழற்றுவார். அது இல்லாமல் தறியை ஓடவிட்டுப் பார்ப்பார். திரும்ப மாட்டுவார். அடுத்ததைக் கழற்றுவார், ஓடவிடுவார், மாட்டுவார். பார்க்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல், எல்லாத்தையும் மொத்தமாக் கழட்டிப் போட்டுப் பாரும், சீக்கிரம் முடியும் என்று கத்தினேன். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஒண்ணைத்தான் கழட்டணும் அண்ணாச்சி. ஒண்ணே ஒண்ணு. அது எதுக்கு இருந்துச்சுன்னு அப்பத்தான் தெரியும். ரெண்டைச் சேத்துக் கழட்டினா ஒண்ணும் தெரியாது."

வேலை செய்கிற இடத்தில் மட்டும் இந்தக் கிறுக்கு இருந்தால் சகித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெள்ளைச் சட்டை போட்டு சர்ச் ஆராதனைக்குப் போகிறவர். அங்கே ஆர்மோனியத்தைப் பழுது பார்க்கச் சொன்னார்கள். ஒரு ரீடைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, யாருக்காவது வித்தியாசம் தெரிகிறதா என்று ஒரு மாதம் பாட்டுக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசிக்கிறவருக்கே தெரியவில்லை. சட்டையைத் துவைக்க எடுத்த அவர் சம்சாரத்துக்குத்தான் தெரிந்தது. அந்த அம்மாள் தேவதானத்துப் பெண். வாய் பெரியது, மனது அதைவிடப் பெரியது. "அம்புட்டுச் சாமானையும் கழட்டிப் பாத்தாச்சு, நான் எதுக்கு இருக்கேன்னு என்னையும் ஒரு தடவை கழட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் பெட்டியோடு பிறந்த வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாள். ஒரு வாரம் கழித்து அவர் பட்டன் இல்லாத சட்டையோடு போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். "தெரிஞ்சுச்சாமா?" என்று என் வீட்டில் கேட்டார்கள். "எனக்குத்தான் தெரிஞ்சுச்சு. அவிய இல்லாம ஒரு வாரம் நிம்மதியாத் தூங்கினேன்" என்றாள்.

சரி, கண்மாய்க் கதைக்கு வருகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் எனக்குத் தறியை விட்டு வெளியே ஒரு தொழில் செய்து காட்ட வேண்டும் என்று தோன்றியது. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில், வன்னியம்பட்டிப் பக்கத்துக் கண்மாயில் மீன்பாசி குத்தகை, அதாவது மீன் வளர்த்துப் பிடிக்கிற உரிமை, ஏலத்துக்கு வந்தது. மூன்று வருடக் குத்தகை. எடுத்தேன். கட்லா, ரோகு என்று வளர்ப்புக் குஞ்சாகப் பார்த்து வாங்கிக் கண்மாயில் விட்டேன். பக்கத்துக் கம்பெனி முதலாளி, வீட்டில் தெலுங்கு பேசுகிற மனிதர், எனக்கு எல்லாவற்றிலும் போட்டி. அவர் எங்கள் தறி முதலாளிகள் சங்கத்துக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும், "ஏமி, பேண்டேஜ் சுத்துறவருக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்?" என்று சிரித்தார். "சித்திரையில தண்ணி வத்தும்போது எல்லாரும் கண்மாய்க்கரைக்கு வாங்க. குழந்தையைத் தூக்குற மாதிரி ரெண்டு கையால தூக்குற மீனைக் காட்டுறேன். காட்டலைன்னா இந்தச் சங்கத்துப் படி ஏறமாட்டேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சொன்னால் சொன்னதுதான். எல்லாருக்கும் தெரியும்.

அடைமழை பெய்தது. கண்மாய் நிறைந்தது. கார்த்திகையில் அதுகள் வந்து இறங்கின.

வலசை என்ற சொல்லை என் பேத்தியின் பாடப்புத்தகத்தில்தான் பின்னால் பார்த்தேன். நாங்கள் வரத்துப் பறவை என்போம். வடக்கே எங்கிருந்தோ வருகிற வாத்துகள், குச்சிக்கால் உள்ளான்கள், மஞ்சள் மூக்கு நாரைகள், பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வருகிற கூழைக்கடாக்கள். கண்மாய்க்குள் நின்ற கருவேல மரமெல்லாம் வெள்ளையாகிவிட்டது. ஒரு கூழைக்கடா வாயை மூழ்கடித்து எடுக்கும்போது உள்ளே என் மீன் துடிப்பது கரையிலிருந்து தெரிந்தது. காசு கொடுத்து வாங்கி விட்டவன் நான், ஒரு காசு கொடுக்காமல் தின்கிறது அது.

சிவகாசி பக்கத்தில் இருக்கும்போது வெடிக்குப் பஞ்சமா? ஒரு சாக்கு அணுகுண்டு வெடி வாங்கிக்கொண்டு போய் வெடிக்கச் சொன்னேன். முதல்நாள் மொத்தமும் எழும்பி வானம் கறுத்தது. மறுநாள் பாதி எழும்பியது. நாலாம் நாள் வெடியைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தின்றது. கிளம்பி வந்ததெல்லாம் கண்மாய்த் தண்ணீர் பாய்கிற ஆயக்கட்டு விவசாயிகள்தான். அதில் ஒரு பொம்பளை கையில் அரிவாளோடு கரைமேல் நின்றாள்.

"ஏன்யா, எதுக்கு வெடி போடுதீரு? தீவாளிக்கே நாங்க வெடிக்காத கண்மாய் இது."

"என் மீனைத் தின்னுதும்மா."

"தின்னுட்டு இங்கனதான பேளுது? அந்தத் தண்ணி பாஞ்சாத்தான் எங்க வயல்ல பச்சை புடிக்கி. அதுகளை ஓட்டிட்டீருன்னா உரமூட்டையை நீரு சொமந்துட்டு வாரீரா?"

பொம்பளையோடு வாயாடி நான் ஜெயித்ததில்லை. ஆகவே மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்டவிட்டு, வாயு சேர்ந்ததும் தானே வெடிக்கிற குழாய் ஒன்று செய்யச் சொன்னேன். பகலெல்லாம் இடம் மாற்றி மாற்றி வெடித்தால் பறவைக்குப் பழகாது. அந்த யோசனை என்னுடையதுதான்.

அவர் கரையில் குத்தவைத்துக் கண்மாயைப் பார்த்தார். நல்லவேளை, ஸ்க்ரூடிரைவரைத் தண்ணீரில் வைத்துக் கேட்கவில்லை. அதுவரை அவர் பறவையைப் பற்றி நினைத்ததே கிடையாது. நாரைக்கும் கொக்குக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது, கடைசிவரை தெரியவில்லை.

"செய்யலாம். ஆனா மொத்தத்தையும் ஓட்டிட்டு, அது எதுக்கு இருந்துச்சுன்னு பொறவு யாரைக் கேக்க?"

"அது எதுக்கும் இல்லை வேய். என் மீனைத் திங்க இருக்கு."

"இருக்கும். ஒரு மூலையில மட்டும் கழட்டிப் பாப்போமே. இந்த வருசம் ஒரு மூலை. நீங்க சொல்லுறது சரின்னா அடுத்த வருசம் குழாய் செஞ்சு தாரேன்."

"என் மீன் அடுத்த வருசம்வரை பொறுக்குமா?"

"மீனு பொறுக்கும். நீங்கதான் பொறுக்க மாட்டீக."

வேறு ஆளிடம் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கார்பைடு விஷயம். வேறு ஆள் செய்தால் பறவை போகிறதோ இல்லையோ, என் ஆள் ஒருவன் போய்விடுவான். அதனால் ஒத்துக்கொண்டேன்.

கரை வளைகிற மூலையில் சவுக்குக் கம்பு நட்டு அடைப்பு ஒன்று கட்டினார். பறவை இறங்காமல் மேலே வலை, சுற்றிலும் தண்ணீருக்குள் தட்டி. தட்டிக்கு என்ன துணி? நான் பேண்டேஜ் கம்பெனி வைத்திருக்கும்போது வெளியே வாங்குவேனா? சல்லாத் துணி, நெய்யும்போது பழுதானது, சுருள் சுருளாகக் கொடுத்தேன். தண்ணீர் அதன் வழியே தாராளமாகப் போகும், மீன் போகாது. ஆஸ்பத்திரிக்கே போகிற துணி, கண்மாய்க்கு ஆகாதா?

ஆகவில்லை. தை பிறப்பதற்குள் துணியில் பாசி பிடித்துப் பச்சைக் கம்பளமாகிவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை, வரவில்லை. மூலைக்குள் தண்ணீர் நாறி மீன் மிதந்தது. நான் துள்ளினேன், பறவை இல்லாமலும் செத்திருக்கிறதே, என்ன சொல்கிறீர் என்று. அவர் அந்தத் துணியை முறுக்கிப் பிழிந்துகொண்டே, "ஒண்ணும் சொல்ல ஏலாது" என்றார்.

"ஏன் ஏலாது?"

"பறவையைக் கழட்டினோம். நம்ம துணி தண்ணி ஓட்டத்தையும் சேத்துக் கழட்டிட்டு. ரெண்டு போச்சு. எது கொன்னுச்சுன்னு எப்படிச் சொல்ல? இந்த வருசம் கணக்குல இல்ல அண்ணாச்சி."

என் வருடம்! என் குத்தகை! கணக்கில் இல்லையாம்! வெளியே இருந்த மீனும் இன்னும் தூக்கிக் காட்டுகிற அளவுக்கு வளரவில்லை, அந்தச் சித்திரையில் நான் மீன் விருந்துக்கு யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்துக் கம்பெனிக்காரர் தெருவில் பார்த்து, "ஏமி, கூழைக்கடா எல்லாம் சவுக்கியமா? விருந்து அவங்களுக்கு மட்டும்தானா?" என்றார். இன்னும் ரெண்டு வருசம் இருக்கு, பொறுத்துப் பாரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். சங்கத்துக்கு அந்த வருடம் முழுக்க நான் போகவில்லை. வேலை அதிகம்.

அந்த வருடம் அவர் செய்த இன்னொரு கூத்தையும் சொல்ல வேண்டும். கரையோரம் செத்துக் கிடந்த ஒரு வாத்தை எடுத்து, அதன் காலில் ஒட்டியிருந்த சேற்றைக் கழுவி ஒரு சட்டியில் பிடித்தார். அதே அளவு கிணற்றுத் தண்ணீரை மட்டும் இன்னொரு சட்டியில் பிடித்தார். இரண்டையும் என் ஆபீஸ் ஜன்னலில் கொண்டுவந்து வைத்துவிட்டார். மதுரையிலிருந்து சரக்குப் பார்க்க வந்த வியாபாரி மூக்கைப் பொத்திக்கொண்டு பேசினார். கொஞ்சநாளில் ஒரு சட்டியில் ஒன்றுமில்லை, சேற்றுச் சட்டியில் மெல்லிய பச்சையாக ஏதோ முளைத்து நின்றது. "எந்த ஊருப் புல்லோ, உங்க ஆபீஸ்ல வந்து மொளைக்கி பாருங்க. பறந்து வாரதெல்லாம் திங்க மட்டும் வரலை, தூக்கிட்டும் வருது" என்றார். நல்லதைத் தூக்கி வருகிறதா, கெட்டதைத் தூக்கி வருகிறதா என்று கேட்டேன். "அதை நான் கேக்கலை, அதுவும் சொல்லலை" என்றார். ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்லத் தெரியாத வாய்.

இரண்டாம் வருடம் விரல் நுழைகிற கண்ணியில் நைலான் வலை வாங்கிக் கட்டினார். இந்தத் தடவை தண்ணீர் தாராளமாகப் போய்வந்தது. கார்த்திகையில் பறவைகள் வந்தன. மூலையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு மற்ற இடமெல்லாம் மேய்ந்தன. எனக்கு ஒவ்வொரு நாளும் வயிறு எரிந்தது. ஆனால் மூலைக்குள் பார்த்தால் குளிர்ந்தது. குஞ்சு குஞ்சாக மீன் மொய்த்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பொங்கலுக்குத் துணி எடுத்துக் கொடுக்கும்போதே அவரிடம் சொன்னேன்: "பாத்தீரா? பறவை இல்லாத இடத்துல மீன் எம்புட்டு! ஒத்துக்கிட்டுக் குழாயைச் செய்யும்."

"செத்த பொறுங்க. பாத்துட்டுச் சொல்லுதேன்."

மாசியில் ஒருநாள் வானம் மூடிக் காற்றே இல்லாமல் கிடந்தது. மறுநாள் விடிந்ததும் ஆள் வந்து கூப்பிட்டான், ஓடினேன். மூலை முழுக்க வாய். தண்ணீருக்கு மேலே ஆயிரம் வாய் திறந்து திறந்து மூடுகிறது. மூச்சுக்குத் திணறுகின்றன. வலைக்கு வெளியே கண்மாயில் அப்படி ஒன்றுமில்லை. வெயில் ஏறுவதற்குள் மூலையில் பாதி மல்லாந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் எல்லாம் நான் விடாமலே வந்து பெருகின ஜிலேபிக் கெண்டைப் பொடிசு. நான் விட்ட கட்லா ஒன்றிரண்டு, அதுவும் வளராமல் தலை பெருத்துச் சவலைப் பிள்ளை மாதிரி.

மெக்கானிக் வேட்டியை மடித்துக் கட்டி உள்ளே இறங்கினார். இடுப்புவரை வேலம்பாசி, தண்ணீருக்கடியில் கொடியாகப் படர்கிற களை. கையை விட்டு ஒரு பிடி அள்ளினார், அதில் பாதி நத்தை. கரைக்கு வந்து உட்கார்ந்து, முதல் தடவையாக என்னிடம் ஒரு முழுப் பேச்சுப் பேசினார்.

"வெளிய இந்தப் பாசியை வாத்து தின்னு தின்னு கட்டையா வச்சிருக்கு. உள்ள சீவ ஆளில்ல, அடர்ந்து போச்சு. ராவுல அதுவும் மீனோட சேந்து மூச்சு இழுக்கும் போல, ரெண்டுக்கும் பத்தலை. நத்தையைத் திங்க ஆளில்ல. ஜிலேபிப் பொடிசை நாரை பொறுக்கி எடுத்துரும், உள்ள எடுக்க ஆளில்ல, அம்புட்டும் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு உங்க கட்லா தீனியையும் தின்னுட்டு. பறவை எச்சம் விழுந்து வெளித்தண்ணி பச்சையா இருக்கு, கட்லா அதைக் குடிச்சே வளருது. உள்ள தண்ணி கண்ணாடி. கண்ணாடியில என்ன இருக்கு திங்க?"

சத்தம் கேட்டுக் கரைக்கு வந்திருந்த அரிவாள் பொம்பளை, "அப்படிப் போடுங்க! பறவை நல்லதுன்னு நாங்க சொன்னோம்லா!" என்று கையைத் தட்டினாள்.

"நான் அப்படிச் சொல்லலையே தாயி" என்றார் இவர். "அந்தா அந்தக் கருவ மரம் மூணும் எச்சம் விழுந்தே பட்டுப்போச்சு, அதையும் சொல்லணும்லா. பங்குனியில தண்ணி கொறஞ்ச பொறவும் இம்புட்டுப் பறவை இருந்துச்சுன்னா வெளித்தண்ணியும் கூழாப் போகும். அப்ப வெளியவும் மீன் வாயைப் பொளக்கும். தண்ணி எம்புட்டு, பறவை எம்புட்டு, அதைப் பொறுத்தது. எண்ணெய் இல்லாட்டாலும் மோட்டார் இறுகிப் புடிக்கும், அதிகமா ஊத்தினாலும் பொகையும்."

அவளுக்கும் கோபம், எனக்கும் கோபம். இரண்டு கட்சியையும் ஒரே வாக்கியத்தில் பகைத்துக்கொள்ள அவரால்தான் முடியும்.

நல்லகாலம், பங்குனி தொடங்கியதும் பறவைகள் தாமாகவே கிளம்பிவிட்டன. சித்திரையில் தண்ணீர் வற்றியது. சங்கத்து ஆட்கள் எல்லாரையும் வேனில் அழைத்துவந்தேன். பந்தல் போட்டு மோர் கொடுத்தேன். என் மானம் அந்தச் சேற்றுக்குள் இருக்கிறது. முதல் வலை இழுக்கும்போது கரையிலிருந்து நானும் கயிற்றில் கை போட்டேன். பறவை தின்றது போக எண்ணிக்கை கம்மிதான், அதை மறைக்கவில்லை. ஆனால் வந்தது ஒவ்வொன்றும்! ஒரு கட்லாவை இரண்டு ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. நானே சேற்றில் இறங்கி, ஒன்றைக் குழந்தையைப் போல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டுபோய்ப் பக்கத்துக் கம்பெனிக்காரர் மடியில் வைத்தேன். அவருடைய பட்டுக்கரை வேட்டி போயிற்று.

"எப்படிய்யா செஞ்சீரு?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

"பறவையை மேயவிட்டேன். அதுதான் சூட்சுமம்" என்றேன்.

யோசனை உங்களுடையதா என்று இப்போதும் சிலர் கேட்பதுண்டு. குத்தகை யாருடையது? வலை யார் வாங்கியது? முதல் வருடம் துணி யாருடையது? அப்படியானால் யோசனை யாருடையது? அவரைக் கேட்டிருந்தால் அவரும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவர் பந்தலுக்குள்ளேயே வரவில்லை. மூலையில் செத்துக் கிடந்ததில் ஒன்றையும் வெளியே பிடித்ததில் ஒன்றையும் கல்லில் போட்டு வயிற்றைக் கீறிப் பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பிடக் கூப்பிட நானே போனேன். சேற்றுக் கையோடு எழுந்து நின்று, எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்:

"அண்ணாச்சி, பறவை எதுக்குன்னு கொஞ்சம் தெரிஞ்சு போச்சு. அடுத்த வருசம் நீங்க மீனு விடாதீக."

"என்னது?"

"ஒரு வருசம் மீனைக் கழட்டிப் பாப்போம். நம்ம மீனு இல்லாட்டா அதுக எம்புட்டு வருது, என்ன செய்யுதுன்னு."

அப்போது நான் அவரைப் பார்த்துச் சொன்ன வார்த்தைகளை அச்சில் போட முடியாது. சங்கத்து ஆட்கள் சிரித்துச் சிரித்து மோர் புரையேறியது. மூன்றாம் வருடம் நான் மீன் விட்டேன். விடாமல் இருக்க எனக்கென்ன கிறுக்கா? நல்ல மீன் எடுத்தேன். அவர் அந்த வருடம் மூலையைக் கட்ட வரவே இல்லை. தறி வேலைக்கு வருவார், காதில் ஸ்க்ரூடிரைவரை வைப்பார், கண்மாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார். நானாகப் பேச்செடுத்தால், "அது பாதியில நிக்கி" என்பார். எனக்கு நன்றாக முடிந்த காரியம், அவருக்குப் பாதியில் நிற்கிறதாம்.

குத்தகைக் காலம் முடிந்தது. அடுத்த ஏலத்தில் வேறொருவர் எடுத்தார். அவருக்குச் சொல்ல நான் போகவில்லை, அவரும் கேட்கவில்லை. வெளியூரிலிருந்து கார்பைடு குழாய் வாங்கி நாலு பக்கமும் நட்டார். ஆயக்கட்டு ஆட்கள் சண்டை போட்டும் கேட்கவில்லை. பகலெல்லாம் வெடி. முதல் வருடம் பறவை குறைந்தது. அடுத்த வருடம் வானத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. அதற்கடுத்த வருடம் வரவே இல்லை. மெக்கானிக் அதற்குள் கை நடுக்கம் வந்து வேலையை விட்டுவிட்டு, சம்சாரத்தின் ஊரான தேவதானத்துக்கே போய்விட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கண்மாயை மறுபடி ஏலம் விட்டபோது கேட்க ஆளில்லை. போய்ப் பார்த்தேன். கரையில் நின்றால் தண்ணீரே தெரியவில்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை வேலம்பாசி. கால் வைத்த இடமெல்லாம் நத்தை. அந்த மூலையில் சவுக்குக் கம்புகள் இரண்டு மட்டும் மக்கி நின்றன. மூலை என்று தனியாக ஒன்றும் இல்லை, கண்மாய் முழுக்க அந்த மூலையாகிக் கிடந்தது.

யாரும் கேட்காத ஏலத்தை நான் கேட்டேன். எடுத்தேன். வீட்டில் திட்டினார்கள், சங்கத்தில் சிரித்தார்கள். அந்த வருடம் ஒரு குஞ்சு மீன்கூட நான் விடவில்லை. ஏன் என்றால், அந்த மனிதர் கேட்டது ஒன்றே ஒன்று. அதையும் செய்து காட்டிவிட்டால் வாயடைத்துப் போவார், பாதியில் நிற்கிறது என்ற பேச்சு ஓயும். மாசி கடந்ததும் என் காரை எடுத்துக்கொண்டு தேவதானம் போனேன். இராஜபாளையத்தில் கார் வைத்திருந்தவர்களை அப்போது விரல்விட்டு எண்ணலாம். அவரை முன் சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்து கரையில் இறக்கினேன்.

"பாரும் வேய். நீரு சொன்னபடி மீனு விடலை. ஒரு வருசம். ஒண்ணுகூட விடலை. உமக்காகத்தான்."

அவர் கண்ணுக்கு மேல் கை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"பறவை?"

"அதான் வாரதே இல்லைன்னு வழியெல்லாம் சொல்லிட்டு வந்தேனே."

கண் கலங்கும், கையைப் பிடித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் பிடித்திருப்பேன்.

"அண்ணாச்சி, பறவையும் இல்ல, மீனும் இல்ல" என்றார். "ரெண்டைக் கழட்டிட்டீகளே. ரெண்டைக் கழட்டினா ஒண்ணும் தெரியாதுல்லா."

கண்மாய்க்குள் தள்ளிவிட்டிருப்பேன். பாசி அடர்த்திக்கு முங்கியிருக்கமாட்டார் என்பதால் விட்டேன்.

"அப்ப என்ன எழவைத்தான் செய்யணும்ங்கீரு?"

"ஒண்ணை மாட்டுங்க."

"எதை மாட்ட?"

"நம்ம கைக்கு எது எட்டுதோ அதை. பறவைக்குக் கை எட்டாது. மீனுக்கு எட்டும்."

மறுவருடம் மழை விழுந்ததும் வலையும் ஆளும் விட்டுப் பாசியைக் கொஞ்சம் அரித்து எடுத்தேன். மீன் குஞ்சு வாங்கி விட்டேன். கட்லா இல்லை. கெண்டை, பொடிசு, நாரை கொத்துகிற அளவில் எது உண்டோ அதைக் கேட்டு வாங்கினேன். குஞ்சு விற்றவனே என்னை ஏற இறங்கப் பார்த்தான். பக்கத்துக் கம்பெனிக்காரர் தெருவில் நிறுத்தி, "ஏமி, மீனைத் தின்னுதுன்னு வெடி போட்டவரு இப்ப தீனி வாங்கிப் போடுறீராம்!" என்றார். ஆமாம் என்றேன். விருதுநகர் ஜில்லாவிலேயே பறவைக்கென்று காசு கொடுத்து மீன் விட்டவன் நான் ஒருத்தன்தான், உம்மால் முடியுமா என்றேன்.

கார்த்திகை போயிற்று, ஒன்றும் வரவில்லை. மார்கழிக் கடைசியில் ஒருநாள் காலையில் கரைக்குப் போனால், பட்டுப்போன கருவ மரத்தில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒரு கூழைக்கடா உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்தது. நான் சத்தம் போடாமல் பின்வாங்கி நடந்து, காரைக்கூட அங்கே கிளப்பாமல் கண்மாய் ஆளைத் தள்ளச் சொல்லி, தூரத்தில் போய்க் கிளப்பினேன். நேராகத் தேவதானம். அவர் கட்டிலில் படுத்திருந்தார். சம்சாரம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"வேய்! வந்துட்டு! கூழைக்கடா வந்துட்டு!"

அவர் முகத்தைத் திருப்பினார். "எம்புட்டு?"

"ஒண்ணு."

"ஒண்ணுதானா?" என்றார். "ஒண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல ஏலாது அண்ணாச்சி. செத்த பொறுங்க. இன்னும் வரட்டும், பாத்துட்டுச் சொல்லுதேன்."

"இவிய என்னைக்கு நேராச் சொன்னாவ?" என்று அந்த அம்மாள் கஞ்சிக் கரண்டியை அவர் வாயில் வைத்தாள்.

அந்தப் பங்குனியில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வீட்டுச் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளை நான் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன், முன் பிரேக் இல்லாமலேயே. குத்தகை இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. வருடா வருடம் குஞ்சு விடுகிறேன். போன மார்கழியில் அந்த மரத்தில் உட்கார இடம் போதாமல் இரண்டு கூழைக்கடா சண்டை போட்டன, தண்ணீரில் வாத்து இறங்கியிருந்தது. பாசிக்கு நடுவில் அங்கங்கே தண்ணீர் தெரிந்தது. நான் கரையில் நின்று, வந்து பார்த்துச் சொல்லித் தொலையும் வேய் என்று கத்தினேன். கத்தியதில் அம்புட்டும் எழும்பிப் பறந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி அங்கேயே இறங்கியது.